சிறிய வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இணையதளம்: எதை எழுதலாம், எதை விட வேண்டும், எப்படித் தேடுபவர் கண்ணில் படும்?

கேள்வி: கும்பகோணம் வழக்கறிஞர்

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் உரிமையியல் வழக்குகளை நடத்திவருகிறேன். என் தந்தையாரும் இதே ஊரில் வக்கீலாக இருந்தவர். அவர் காலத்தில் வீட்டின் முன்கட்டில் தொடங்கிய அலுவலகம் இன்றும் அங்கேயே நடக்கிறது. இரண்டு ஜூனியர்களும் ஒரு குமாஸ்தாவும் உடன் இருக்கிறார்கள். பாகப்பிரிவினை, குத்தகை, வழிப்பாதை, வாய்க்கால் தகராறு, கோயில் நிலங்களையும் மடத்து நிலங்களையும் ஒட்டிய வழக்குகள் ஆகியவையே எங்களிடம் மிகுதி.

இதுவரை எங்களுக்கு இணையதளம் தேவைப்படவில்லை. ஊரில் யாரேனும் ஒருவர் சொல்லித்தான் கட்சிக்காரர் வருவார்; இன்றும் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் சொல்லக் கேட்பவர் இப்போது பெரும்பாலும் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். ஊரிலிருக்கும் சித்தப்பா என் பெயரைச் சொன்னதும் அவர் கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். ஒன்றும் வருவதில்லை, அல்லது அதே பெயருள்ள வேறு ஊர் வழக்கறிஞர் வருகிறார். பிறகு அவர் தயங்குகிறார். பணத்தையும் மூலப் பத்திரத்தையும் நம்பி ஒப்படைக்கப்போகிறவர் அவ்வளவாவது சரிபார்க்க நினைப்பது நியாயம்தான்.

இதற்காக இணையதளம் அமைத்துத் தரும் இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் காட்டிய மாதிரியில் நான் வென்ற வழக்குகளுக்கு ஒரு பட்டியல், கட்சிக்காரர்களின் பாராட்டுரைகளுக்கு ஒரு பகுதி, "முதல் ஆலோசனை இலவசம்" என்று மேலே ஓடும் எழுத்து எல்லாம் இருந்தன. இன்னொருவர் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகவும் வாட்ஸ்அப்பில் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தி அனுப்புவதாகவும் உறுதி சொன்னார். இவை நம் தொழிலுக்கு ஒவ்வாதவை என்பது எனக்குத் தெரியும். ஒப்பக்கூடியது எவ்வளவு என்பதுதான் விளங்கவில்லை.

வேறு இரண்டு ஐயங்களும் உள்ளன. ஊரில் இன்றும் என் தந்தையாரின் பெயரைச் சொன்னால்தான் அலுவலகத்தை அடையாளம் காட்டுவார்கள். அந்தப் பெயரைத் தளத்தில் எப்படிக் கொண்டுவருவது? அடுத்தது, வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அங்கிருந்து எழுதி அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தாத்தாவின் பத்திரத்தில் "தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா" என்று இருப்பதால் தஞ்சாவூரில் வழக்குப் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள். நன்னிலம் இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டவற்றை எளிய தமிழில் கட்டுரைகளாக எழுதித் தளத்தில் வைக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தஞ்சாவூர் மூத்த வழக்கறிஞர்

அம்மா, வணக்கம். விதியை முழுவதுமாகப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. "வக்கீலுக்கு விளம்பரம் கூடாது" என்ற ஒற்றை வரியோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம்; இளையவர்களில் சிலரோ 2008இல் எல்லாம் தளர்ந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். இரண்டும் சரியல்ல.

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 36ஆம் விதி, சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட தொடர்பு என எந்த வழியிலும், நேராகவோ மறைமுகமாகவோ, வழக்கறிஞர் வேலை தேடக்கூடாது என்கிறது. தாம் நடத்தும் வழக்கை ஒட்டிப் பத்திரிகைக்குக் கருத்துச் சொல்வதும் படம் கொடுப்பதும்கூட அந்தத் தடைக்குள் வருகின்றன. பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்றோ, சங்கத்தின் தலைவர் அல்லது உறுப்பினர் என்றோ, முன்னாள் நீதிபதி என்றோ அதில் எழுதக்கூடாது. 2008இல் சேர்க்கப்பட்ட விலக்கின்படி, ஓர் அட்டவணையில் குறிப்பிட்ட விவரங்களை மட்டும் வழக்கறிஞர் இணையதளத்தில் தரலாம். அதுவும் இந்திய பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அது ஏற்ற வடிவில்தான் தரலாம்.

அட்டவணையில் இருப்பவை இவ்வளவுதான்: பெயர், முகவரி, தொலைபேசி எண்கள், மின்னஞ்சல், பதிவு எண், பதிவான நாள், முதலில் பதிவான மாநில பார் கவுன்சில், இப்போது பெயர் உள்ள மாநில பார் கவுன்சில், உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம், தொழில் மற்றும் கல்வித் தகுதிகள், வழக்கு நடத்தும் துறைகள். இவற்றின் கீழே, தந்த விவரங்கள் உண்மையானவை என்ற உறுதிமொழி இருக்க வேண்டும். அட்டவணைக்கு வெளியே எதைச் சேர்த்தாலும் அது விதிமீறலாகக் கொள்ளப்படும். பலகையில் போடக்கூடாத சங்க உறுப்பினர் விவரத்தையும் துறையையும் தளத்தில் போடலாம் என்பது சற்று வேடிக்கைதான். ஆனால் வாசலில் தொங்கும் பலகை வழியில் போகிறவர் எல்லோரையும் அழைக்கிறது, தளத்துக்கோ நம்மைத் தேடுகிறவர்தாம் வருகிறார் என்று எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் உங்கள் ஐயங்களில் பாதி தீர்ந்துவிடும். நம் பெயரை முன்பே கேள்விப்பட்டவர் தேடும்போது சரியான விவரம் கிடைக்கும்படி செய்வது தகவல். பெயரே கேள்விப்படாதவர் முன்னால் போய் நிற்பது விளம்பரம். வென்ற வழக்குகளின் பட்டியலும் பாராட்டுரைகளும் இலவச ஆலோசனையும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. வாட்ஸ்அப்பில் கூட்டமாகச் செய்தி அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய விதியில் உள்ள சுற்றறிக்கையின் இன்றைய வடிவம் அதுதான். 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இணையச் சேவைத் தளங்கள் வழியாக விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு வழிகாட்டுதல் அனுப்புமாறு இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச் மாதத்தில் பார் கவுன்சிலும் சமூக ஊடக விளம்பரங்களைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. எனவே, "எல்லோரும் செய்கிறார்களே" என்று வடிவமைப்பாளர் சொல்வதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். பணம் அவருக்குப் போகும். விளக்கம் கேட்கும் கடிதம் உங்களுக்கு வரும்.

தந்தையார் பெயரைப் பொறுத்தவரை, "இன்னாருடைய அலுவலகம்" என்றோ அவருடைய பெருமையைச் சொல்லியோ எழுத அட்டவணையில் இடமில்லை. ஆனால் நம் பக்கத்தில் முன்னெழுத்தே தந்தையின் பெயர்தானே? பதிவுச் சான்றிதழில் அந்தப் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தால் தளத்திலும் அப்படியே விரித்து எழுதுங்கள். உங்கள் பெயரைத் தேடுகிறவருக்கும் அவர் பெயரைத் தேடுகிறவருக்கும் அதே பக்கம் கிடைக்கும். யாரும் குறை சொல்லவும் முடியாது.

கட்டுரை விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது, மற்றவர்கள் மாறுபடலாம். சட்ட விழிப்புணர்வு எழுத்து நல்ல காரியம். அதை உங்கள் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பத்திரிகைக்கு எழுதுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழு நடத்தும் முகாம்களில் பேசுங்கள். பவர் பத்திரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முகாமில் ஒரு கிராமத்துக்குச் சொன்னால், அது அன்றைக்கே அவரவர் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

பதில்: மயிலாடுதுறை இணையதள வடிவமைப்பாளர்

வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். மூத்தவர் சொன்ன வரம்பைப் பார்த்தால் உங்களுக்குத் தேவை ஒரே ஒரு பக்கம். பத்துப் பக்கத் தளத்துக்கு விலை சொல்கிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் அமைப்பதில்தான் வேலை இருக்கிறது. நம் பகுதிக்கே உரிய சில சிக்கல்களைச் சொல்கிறேன்.

முதலாவது எழுத்துரு. அலுவலகங்களில் மனுவும் பத்திரமும் இன்றும் பெரும்பாலும் வானவில், செந்தமிழ் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சாகின்றன. குமாஸ்தா அந்தக் கோப்பிலிருந்து பெயரையும் முகவரியையும் வெட்டி ஒட்டினால், அவர் கணினியில் தமிழாகத் தெரிவது சிங்கப்பூரில் இருப்பவரின் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இதைத் தவிர்க்கச் சிலர் முழுப் பக்கத்தையும் படமாக மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். பார்வைக்கு அது அழகாக இருக்கும். ஆனால் எழுத்தாக இல்லாத பெயரைத் தேடுபொறி கண்டுகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது, எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. எல்லாம் எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு தமிழில், எழுத்தாகவே இருக்க வேண்டும். அனுப்பும் முன் குமாஸ்தாவின் கைப்பேசியில் அல்ல, வேறு ஒருவரின் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

இரண்டாவது முகவரி. கோயிலைச் சுற்றி எழுந்த ஊர்கள் நம்முடையவை. கீழ வீதி, மேல வீதி, சன்னதித் தெரு இல்லாத ஊர் டெல்டாவில் ஏது? "12, கீழ வீதி" என்று மட்டும் எழுதினால் வரைபடம் ஒருவரைத் திருவாரூருக்குக் கூட்டிச் சென்றாலும் வியப்பில்லை. கும்பகோணத்துக்குள்ளேயே எந்தக் கோயிலின் கீழ வீதி என்ற கேள்வி உண்டு. ஆகவே கோயிலின் பெயர், வீதி, ஊர், மாவட்டம், 612001 என்பது போன்ற அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில், எல்லா இடங்களிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். தளத்தில் ஒரு விதமாகவும் கூகுள் வரைபடத்தில் வேறு விதமாகவும் இருந்தால் இரண்டும் ஒரே அலுவலகம்தானா என்று தேடுபொறியும் குழம்பும், தேடுகிறவரும் குழம்புவார்.

மூன்றாவது தொலைபேசி எண். அலுவலகத் தரைவழி எண்ணை ஊர்க்குறியீடு இல்லாமல் அச்சிடும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கு 91, அடுத்து முன் சுழியம் நீக்கிய 435, பிறகு உங்கள் எண் என்ற வரிசை வேண்டும். அதைத் தொட்டவுடன் அழைப்பு போகும்படி இணைப்பாக அமைக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய வேலை, ஆனாலும் நான் பார்த்த பல தளங்களில் இது இல்லை.

பெயரின் எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். பெரும்பாலானோர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள். ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள ஆங்கில வடிவமும் தமிழ் வடிவமும் பக்கத்தின் தலைப்பிலேயே, ஊர்ப்பெயரோடு சேர்ந்து வரட்டும். சிறு எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைத் தேடுபொறி பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் பத்து வடிவங்களை ஒளித்து வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூகுள் அதை மோசடியாகக் கருதித் தண்டிக்கிறது. "முதல் பக்கம் உறுதி" என்ற பேச்சும் அப்படித்தான். முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் முழுப் பெயரோடு கும்பகோணம் என்று சேர்த்துத் தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் முன்னால் வருவது பெரிய வித்தையல்ல, ஏனென்றால் போட்டி அநேகமாக இருக்காது. "கும்பகோணம் சிறந்த வக்கீல்" என்ற தேடலில் வருவதற்குத்தான் மாதாமாதம் பணம் கேட்பார்கள். அந்தத் தேடல் உங்களுக்குத் தேவையில்லை என்பது மேலே உள்ள பதிலிலிருந்தே தெரிகிறது.

கூகுள் வரைபடத்தில் உங்கள் அலுவலகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தைச் சேர்க்க முடியும் என்பதால், உங்கள் தந்தையார் பெயரிலோ பழைய எண்ணோடோ அது இருக்கக்கூடும். இருந்தால் உரிமை கோரித் திருத்திக்கொள்ளுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் பலகையில் உள்ள பெயர் மட்டும்தான் வர வேண்டும். "பாகப்பிரிவினை வழக்கறிஞர்" என்று ஒட்டுச் சேர்ப்பது கூகுளின் விதிக்கே முரணானது.

பூட்டுக்குறி கொண்ட பாதுகாப்பான இணைப்பு கட்டாயம் வேண்டும். 2018 முதல் குரோம் உலாவி அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது, அதற்கான சான்றிதழோ இலவசமாகவே கிடைக்கிறது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பதில்: மன்னார்குடி குழந்தை மருத்துவர்

நான் வேறு தொழில்; ஆனாலும் எங்களுக்கும் இதே வேலிதான் என்பதால் எழுதுகிறேன். மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் நடத்தை நெறி ஒழுங்குமுறைகள் பொருந்துகின்றன. 2023 ஆகஸ்ட் 2 அன்று வந்த புதிய ஒழுங்குமுறைகள் அதே மாதம் 23 அன்று நிறுத்தி வைக்கப்பட்டதால் மீண்டும் பழையதற்கே வந்துவிட்டோம். நோயாளிகளை நாடிப் போகக்கூடாது என்று சொல்லும் அந்த ஒழுங்குமுறை, சில அறிவிப்புகளைப் பத்திரிகையில் வெளியிட அனுமதிக்கிறது: தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, சில நாள் இல்லாதிருப்பது, திரும்ப வருவது, மற்றொருவரின் தொழிலை ஏற்று நடத்துவது, கட்டணத்தை வெளிப்படையாக அறிவிப்பது போன்றவை. என் மருத்துவமனைத் தளத்தை இந்தப் பட்டியலை வைத்தே அமைத்தேன். நோய்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மருத்துவர் இருக்கிறாரா, எப்போது வருவார், அவசரமானால் எங்கே போவது என்பவை மட்டுமே உள்ளன.

அதன் பயன் 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகுதான் எனக்கே முழுமையாகத் தெரிந்தது. மின்சாரம் இல்லை, கோபுரங்கள் சாய்ந்து கைப்பேசியும் சரியாக வேலை செய்யவில்லை. ஊருக்குள் இருந்தவர்கள் தளத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். ஜெனரேட்டரில் மருத்துவமனை இயங்குகிறது, காலையில் மட்டும் பார்க்கிறோம் என்று சென்னையிலிருந்த உறவினர் ஒருவர் மூலம் ஏற்றிய ஒற்றை வரியை, அவர்கள் ஏதோ வழியில் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆகவே தளத்தைத் திருத்தும் கடவுச்சொல் உங்கள் ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் இருக்கட்டும்.

வரைபடத்தில் வரும் மதிப்புரைகள் எங்களுக்குப் பெரிய தலைவலி. அவற்றை நிறுத்த வழியில்லை. திட்டி எழுதுகிறவருக்கு மறுமொழி எழுதும்போது அவர் நம்மிடம் வந்தவர் என்பதை ஒப்புக்கொள்வதே இரகசியத்தை மீறுவதாகிவிடும். அதனால் நான் மறுமொழி எழுதுவதே இல்லை. வழக்கறிஞருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர் மீண்டும்: கும்பகோணம் வழக்கறிஞர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டுரைகளைத் தளத்தில் வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கீழே உள்ளபடி ஒரு வரைவு தயாரித்திருக்கிறேன். பெயரும் எண்களும் இங்கே வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

"பெயர், தந்தையார் பெயருடன். பி.ஏ., பி.எல். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு எண், பதிவான நாள். கும்பகோணம் வழக்கறிஞர் சங்க உறுப்பினர். வழக்கு நடத்தும் துறைகள்: உரிமையியல், நிலக் குத்தகை, அறநிலைய நிலங்கள். முகவரி. தொலைபேசி. மின்னஞ்சல். சந்திக்கும் நேரம்: நீதிமன்ற நாட்களில் காலை 8 முதல் 9.30 வரை, மாலை 6 முதல் 8.30 வரை, இந்திய நேரம். மே மாத நீதிமன்ற விடுமுறையில் முன்கூட்டிக் கேட்டு வரவும். மேற்கண்ட விவரங்கள் உண்மையானவை என உறுதியளிக்கிறேன்."

இதன் கீழே "உங்கள் வழக்கின் விவரத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்" என்று ஒரு படிவம் வைக்கலாம் என்று ஜூனியர் ஒருவர் சொல்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேர வேறுபாடு இருப்பதால் அது வசதி என்பது அவர் வாதம். உங்கள் கருத்து என்ன?

பதில்: தஞ்சாவூர் மூத்த வழக்கறிஞர்

வரைவு நன்றாக இருக்கிறது. சந்திக்கும் நேரமும் விடுமுறைக் குறிப்பும் அட்டவணையில் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். எனக்கு அவற்றில் தவறு தெரியவில்லை. ஆனால் என் கருத்து ஒப்புதல் ஆகாது. பக்கத்தை வெளியிடும் முன் அச்செடுத்து, இந்த வரிகளையும் சேர்த்தே பார் கவுன்சிலுக்கு அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். ரசீதையும் கடித நகலையும் தனிக் கோப்பில் வையுங்கள். ஒப்புதல் வரும்வரை அட்டவணையில் உள்ளவை மட்டும் தளத்தில் இருக்கட்டும். பிற்பாடு ஒரு வரி மாறினாலும் மாறிய பக்கத்தை மீண்டும் அனுப்புங்கள்.

படிவம் வேண்டவே வேண்டாம். இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இணையதள ஆட்கள் எல்லோரும் முதலில் வைக்கச் சொல்வது இதைத்தான். உங்களிடம் மிகுதியாக வருவது பாகப்பிரிவினை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், தங்கை வலங்கைமானில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா இருவருக்கும் உங்கள் பெயரையே சொல்லியிருக்கிறார். அண்ணன் இரவு 11 மணிக்குப் படிவத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்: அப்பா எழுதிய உயில் தன்னிடம் இருப்பது, தங்கைக்கு அது தெரியாதது, நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருப்பது. மறுநாள் காலை 8 மணிக்குத் தங்கை பத்திரக்கட்டோடு உங்கள் முன்கட்டில் வந்து உட்கார்கிறார். இப்போது யாருக்கு வக்காலத்து போடுவீர்கள்? வழக்குத் தொடுப்பது குறித்து ஒருவருக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக்கூடாது என்று 33ஆம் விதி சொல்கிறது. நீங்கள் அண்ணனுக்குப் பதிலே எழுதவில்லை, ஆலோசனை சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனால் அவருடைய இரகசியம் உங்கள் அஞ்சல் பெட்டியில் இருக்கிறது. தொழில்முறைத் தகவல்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவிலிருந்து இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. அது எங்கே தொடங்குகிறது என்று ஒரு படிவத்தை வைத்துச் சண்டையிடும் நிலை நமக்கு வேண்டாம். சிறிய ஊரில் இரு தரப்பும் ஒரே வாசலுக்கு வருவது அடிக்கடி நடப்பதுதான்.

மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, அது போதும். அதில் எழுதுகிறவருக்கு, இரு தரப்பினரின் பெயர்களையும் நிலம் இருக்கும் கிராமத்தையும் மட்டும் முதலில் கேட்டு ஒரு பதில் அனுப்புமாறு ஜூனியரிடம் சொல்லி வையுங்கள். பெயர்களைப் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மீதியைக் கேட்கலாம்.

பதில்: மயிலாடுதுறை இணையதள வடிவமைப்பாளர்

படிவம் வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். அது இல்லாவிட்டால், பிறருடைய விவரங்களைத் தளத்தில் சேமித்துக் காக்கும் பொறுப்பும் உங்களுக்குக் குறையும்; 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது சிறிய விஷயமல்ல.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயர், அதாவது டாட் இன் என்றோ டாட் காம் என்றோ முடியும் அந்த முகவரி, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். வடிவமைப்பவர் தம் கணக்கில் வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் உங்களிடம் பணம் வாங்குவது பரவலான வழக்கம். அவர் தொழிலை விட்டாலோ உங்களோடு மனத்தாங்கல் வந்தாலோ முகவரி அவரோடு போய்விடும். புதுப்பிக்கும் நினைவூட்டல் உங்களுக்கே வர வேண்டும். முடிந்தால் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டிவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலையும் அதே முகவரியில் வைத்துக்கொள்ள நினைத்தால் இது இன்னும் முக்கியமாகிறது, ஏனென்றால் முகவரி காலாவதியாகி வேறொருவர் அதை வாங்கிவிட்டால் உங்கள் கட்சிக்காரர்கள் அனுப்பும் அஞ்சல்கள் அவருக்குப் போகத் தொடங்கும்.